மலையை இறக்கிய ரயில்: காஸ் என்னும் கம்பெனி ஊரின் கதை

ஷே என்ற வகை நீராவி என்ஜின் மலையேறும் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், எக்ஸ்பிரஸ் ரயில் ஒன்று தலைதெறிக்க வருவதாகவே தோன்றும். கண்ணைத் திறந்து பார்த்தால், கூடவே ஓடும் ஆள் முந்திவிடக்கூடிய வேகத்தில் அது கரும்புகை கக்கிக்கொண்டு ஊர்ந்துகொண்டிருக்கும். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், போகஹாண்டஸ் கவுண்டியில், கிரீன்பிரையர் ஆற்றங்கரையில் உள்ள காஸ் என்ற சிற்றூர் இந்தச் சத்தத்தை நூறாண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுவருகிறது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு வசித்தவர்கள் 52 பேர். அந்த 52 பேரின் ஊருக்கு ஒரு ரயில் நிலையம், நீராவி என்ஜின்களைப் பழுதுபார்க்கும் பட்டறை, மலையுச்சிவரை 11 மைல் நீளும் இருப்புப்பாதை எல்லாம் இருக்கின்றன.

காஸைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் என்ஜின்களின் அழகில் மயங்கி அதோடு நிறுத்திவிடுகிறார்கள். என்ஜின்கள் அழகானவைதான், அவற்றைப் பற்றி நானும் கொஞ்சம் விரிவாகவே சொல்லப்போகிறேன். ஆனால் இந்த ஊர் ஏன் பிறந்தது, ஏன் காலியானது, சுற்றுவட்டாரத்தில் இதைப்போல் முளைத்த எத்தனையோ மரவெட்டு ஊர்கள் மண்ணோடு மண்ணாகிப் போனபோது இது மட்டும் ஏன் நிற்கிறது என்று கேட்டால், விடை என்ஜினில் இல்லை. பத்திரத்தில் இருக்கிறது. மலை, மரம், ஆலை, ரயில், வீடு, கடை என எல்லாமே ஒரே கையில் இருந்தன. அந்த ஒரு கைதான் ஊரை ஆக்கியது. அந்தக் கை விலகியதும் ஊர் சாய்ந்தது. மொத்தமும் ஒரே கையில் இருந்ததால்தான், பிறகு மொத்தமாக வாங்கிக் காப்பாற்றவும் முடிந்தது.

முதலில் மலையைப் பார்க்க வேண்டும். கிரீன்பிரையர் பள்ளத்தாக்கில் 19ஆம் நூற்றாண்டிலேயே மரம் வெட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அப்போது அவர்கள் தேடியது வெள்ளைப் பைன். கரையோரச் சரிவுகளில் வெட்டி, குளிர்காலம் முழுவதும் கரையில் அடுக்கி வைத்து, பனி உருகி ஆற்றில் வெள்ளம் வரும்போது தள்ளிவிட்டால், தண்ணீரே மரத்தடிகளைக் கீழே ரான்சிவெர்ட் என்ற ஊரில் இருந்த ஆலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கூலி இல்லாத போக்குவரத்து அது. அதனால் ஆறு எட்டிய இடம் வரைக்கும் மரம் போனது. ஆறு எட்டாத இடத்தில் காடு அப்படியே நின்றது.

ஆறு எட்டாத இடத்தில் நின்றதுதான் ரெட் ஸ்புரூஸ். பைன் குடும்பத்தைச் சேர்ந்த, குளிரை விரும்பும் ஊசியிலை மரம். அது வளரும் நிலப்பரப்பின் தென்பகுதியான இங்கே மலைகளின் உச்சியை ஒட்டி மட்டுமே வளரும். கிரீன்பிரையர் ஆற்றுக்கு மேற்கே பேக் அலிகெனி மலைத்தொடர் சுவர்போல எழுகிறது. அந்தச் சுவரைத் தாண்டிப் போனால் கீழே இறங்கும் என்று எதிர்பார்ப்போம். இறங்காது. சீட் மலைக்கும் இதற்கும் நடுவே, தரையிலிருந்து வெகு உயரத்தில் ஒரு நீண்ட பள்ளத்தாக்கு தொங்குகிறது. ஷேவர்ஸ் ஃபோர்க் என்ற ஆறு அதில் வடக்கு நோக்கி ஓடுகிறது. கிரீன்பிரையரோ தென்மேற்கே போகிறது. காட்டின் தண்ணீர் ஒரு திசையில், சந்தைக்கான வழி மறு திசையில். மரத்தை மிதக்கவிட்டுக் கொண்டுவரும் பேச்சுக்கே இடமில்லை. இந்த ஒரு புவியியல் முரண்தான் அந்தக் காட்டை 1900 வரை காத்தது என்பேன்.

அந்தக் காவலை உடைத்தது காகிதத்தின் பசி. கந்தல் துணியிலிருந்து காகிதம் செய்த காலம் முடிந்து, மரக்கூழிலிருந்து செய்யும் காலம் வந்திருந்தது. ஸ்புரூஸ் மரத்தின் நார் நீளமானது, பிசின் குறைவு. கூழுக்கு அதைவிடத் தோதான மரம் அந்தப் பகுதியில் கிடையாது. லூக் குடும்பத்தின் வெஸ்ட் வர்ஜீனியா பல்ப் அண்ட் பேப்பர் கம்பெனி பக்கத்து மாநிலமான வர்ஜீனியாவின் கவிங்டனில் பெரிய காகித ஆலை ஒன்றை நிறுவியது. அதற்குத் தீனி வேண்டும். கம்பெனிக்காக மரமும் நிலமும் தேடிக் கொடுத்த சாமுவேல் ஸ்லேமேக்கர், சீட் மலையின் ஸ்புரூஸ் காட்டைக் காட்டினார். கம்பெனி காட்டை வாங்கியது. 1900ஆம் ஆண்டின் இறுதியில் செசபீக் அண்ட் ஒஹையோ ரயில்வேயின் கிரீன்பிரையர் கிளைப்பாதை பள்ளத்தாக்கு வழியாக வந்து சேர்ந்தது. அது வந்து நின்ற இடத்தில், லெதர்பார்க் ஓடை ஆற்றில் கலக்கும் மூலையில், ஓர் ஊர் முளைத்தது. கம்பெனியின் தலைவர்களில் ஒருவரான ஜோசப் கெர் காஸின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

கிளைப்பாதை பள்ளத்தாக்கோடு நின்றுவிட்டது. மலைச்சுவர் மேலே ஏறித் தாண்டிக் காட்டுக்குப் போகும் பாதையை 1901இல் கம்பெனியே போடத் தொடங்கியது. குதிரைகளும், மண்வெட்டியும், வெடிமருந்தும், இத்தாலியிலிருந்து வந்த தொழிலாளர்களின் தோள்களும்தான் அதைப் போட்டன. சாதாரணமாக ஒரு முக்கிய ரயில் பாதையில் 100 அடி தூரத்துக்கு 2 அடி ஏறினாலே செங்குத்து என்பார்கள். காஸ் பாதையின் கடுமையான இடங்களில் 100 அடிக்கு 11 அடி ஏற்றம். நமக்குத் தெரிந்த நீலகிரி மலை ரயிலோடு ஒப்பிட்டால் இதன் கடுமை புரியும்: அங்கே ஏறத்தாழ 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம், வழுக்காமல் இருக்கத் தண்டவாளங்களுக்கு நடுவே பல்தண்டவாளம் பதித்து, என்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. காஸில் 9 அடிக்கு ஓர் அடி ஏற்றம். பல்தண்டவாளம் கிடையாது. வழுவழுப்பான இரும்பின் மேல் வழுவழுப்பான இரும்புச் சக்கரம், அவ்வளவுதான்.

அது எப்படி முடிந்தது என்பதற்கு எஃப்ரைம் ஷேயிடம் போக வேண்டும். மிச்சிகன் மாநிலத்தில் மரம் வெட்டிப் பிழைத்தவர் அவர். பொறியியல் கல்லூரிப் படிப்பு எதுவும் இல்லை. காட்டிலிருந்து மரத்தைக் கொண்டுவருவதில் பட்ட பாடுதான் படிப்பு. 1870களில் தன் தேவைக்காக அவர் செய்து பார்த்த என்ஜினுக்கு 1881இல் காப்புரிமை கிடைத்தது. ஒஹையோ மாநிலத்தின் லைமா ஊரில் இருந்த தொழிற்சாலை அதை எடுத்துக்கொண்டு 1945 வரை 2,700க்கும் மேற்பட்ட ஷே என்ஜின்களைச் செய்து விற்றது.

வழக்கமான நீராவி என்ஜினில் பிஸ்டன் நேரடியாகப் பெரிய சக்கரத்தைத் தள்ளும். தள்ளல் விட்டுவிட்டு விழும். செங்குத்தான பாதையில் அப்படி விழுந்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். கரியும் தண்ணீரும் ஏற்றிய பின்பகுதியின் எடை வெறும் சுமையாகவே பின்னால் தொங்கும். ஷே இதையெல்லாம் மாற்றினார். சிலிண்டர்களை என்ஜினின் வலப்பக்கத்தில் செங்குத்தாக நிறுத்தினார். அவை சுழற்றும் தண்டு சக்கரங்களுக்கு வெளியே, தரைக்குச் சமமாக, முன்னிருந்து பின்வரை ஓடுகிறது. லாரிக்கு அடியில் ஓடும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். வளைவில் மடங்கிக்கொடுக்கும் யுனிவர்சல் ஜாயிண்ட்கூட அதேதான். அந்தத் தண்டிலிருந்து ஒவ்வொரு அச்சுக்கும் பல்சக்கரம் வழியாக விசை போகிறது. கரிப்பெட்டிக்கு அடியில் இருக்கும் சக்கரமும் இழுக்கும். என்ஜினின் எடை முழுவதும் இழுவிசையாக மாறுகிறது. சிலிண்டர்கள் ஒரு பக்கம் கனப்பதால், எடையைச் சமன்செய்யப் பாய்லரை இடப்பக்கம் தள்ளி வைத்தார்கள். அதனால் நேர் முன்னாலிருந்து பார்த்தால் ஷே என்ஜின் தோளைச் சாய்த்துக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் தண்டு பலமுறை சுற்றிவிடுகிறது. எக்ஸ்பிரஸ் சத்தத்துக்கும் ஆமை வேகத்துக்கும் உள்ள பொருத்தமின்மை அங்கிருந்துதான் வருகிறது.

இதோடு இன்னொரு தந்திரமும் சேர்ந்தது. மலைச்சரிவில் வட்டமடித்துத் திரும்ப இடமில்லாத இடங்களில், ரயிலை ஒரு முட்டுப்பாதையில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். பிரேக்மேன் குதித்து இறங்கி, பாதை மாற்றும் நெம்புகோலைத் தள்ளுவார். ரயில் இப்போது பின்பக்கமாக அடுத்த சரிவில் ஏறும். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி ஒரு முட்டு, மறுபடி திசை மாற்றம், மறுபடி முன்னோக்கி. ஏணியில் குறுக்கும் நெடுக்குமாகக் கால் வைத்து ஏறுவதுபோல. காஸுக்கு மேலே இப்படி இரண்டு திருப்பங்கள் இருக்கின்றன. இன்றைக்கும் ரயில் அங்கே நின்று, திசை மாறித்தான் ஏறுகிறது.

மேலே காட்டில் மரவெட்டிகளின் முகாம்கள். அந்த வட்டாரத்தில் மரவெட்டிகளுக்கு ‘வுட் ஹிக்’ என்று பெயர். வாரத்தில் ஆறு நாள், விடிவதற்கு முன் எழுந்து இருட்டும் வரை வேலை. இருவர் இழுக்கும் குறுக்கு ரம்பமும் கோடாரியும்தான் கருவி. வெட்டிய மரத்தடியைக் குதிரைகள் பாதையோரம் இழுத்து வரும். நீராவி பாரந்தூக்கி அதை வண்டியில் ஏற்றும். பின்னாளில் கம்பிவடம் கட்டி மரங்களை அந்தரத்தில் இழுத்துவரும் இயந்திரமும் வந்தது. முகாம் சாப்பாட்டில் குறை வைக்கமாட்டார்கள். சமையற்காரர் சரியில்லை என்றால் ஆட்கள் அடுத்த முகாமுக்குப் போய்விடுவார்கள். ஆனால் சாப்பாட்டு மேசையில் பேசக்கூடாது என்பது அந்தக் காட்டு முகாம்களின் பொதுவிதி. பேச்சு வளர்ந்தால் சண்டை வரும், நேரமும் போகும். நீள மேசையின் இருபுறமும் பல மாதம் ஒன்றாக வேலை செய்யும் ஆட்கள் உட்கார்ந்து, தட்டும் கரண்டியும் உரசும் ஓசை மட்டும் கேட்க, சில நிமிடங்களில் சாப்பிட்டு எழுந்துபோன காட்சியை நினைத்தால் எனக்கு ஆலையின் கணக்குகளைவிட அதுதான் அந்த வாழ்க்கையை அதிகம் சொல்வதாகப் படுகிறது.

கணக்குகளும் லேசானவை அல்ல. 1902 ஜனவரியில் காஸில் மரம் அறுக்கும் ஆலை ஓடத் தொடங்கியது. கூழுக்கான ஸ்புரூஸ் கவிங்டனுக்கு ரயிலேறியது; நல்ல அடிமரமும் வன்மரங்களும் இங்கேயே பலகையாக அறுபட்டன. உச்சத்தில் 11 மணி நேர ஷிஃப்ட் இரண்டு, வாரம் ஆறு நாள். ஒரு ஷிஃப்டில் 1,25,000 போர்டு அடி. நம் மரக்கடைக் கணக்கில் 12 போர்டு அடி ஒரு கன அடி. ஆக ஒரு ஷிஃப்டில் 10,000 கன அடிக்கு மேல், வாரத்தில் ஒன்றேகால் லட்சம் கன அடி. பலகையை உலர்த்தும் அறைகளில் மட்டும் 11 மைல் நீளத்துக்கு நீராவிக் குழாய்கள் ஓடின. காட்டிலும் ஆலையிலும் ரயிலிலுமாக 2,500 முதல் 3,000 பேர் வரை வேலை செய்தார்கள். நாற்பது ஆண்டுகளில் காஸ் ஆலையும் கூழ்மரப் போக்குவரத்தும் சேர்ந்து இறக்கிய மரம் 200 கோடி போர்டு அடியைத் தாண்டும்.

ஊர், கம்பெனி வரைந்த வரைபடத்தின்படி எழுந்தது. ஆற்றின் மேற்குக் கரையில் வெள்ளை வண்ணம் பூசிய இரண்டு மாடி மரவீடுகள், அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி, வரிசை வரிசையாக. வீட்டுக்கு முன்னால் வெள்ளை வேலி. வேலிக்கு வெளியே சேற்றில் கால் படாமல் நடக்கப் பலகை நடைபாதை. மேட்டில் மேலாளர்களின் பெரிய வீடுகள். அந்த மேட்டுக்கு ஊரார் ‘பிக் பக் ஹில்’ என்று பேர் வைத்தார்கள், பெரிய மனிதர்கள் குன்று என்று பொருள். ரயில் நிலையத்துக்கு எதிரே போகஹாண்டஸ் சப்ளை கம்பெனி என்ற பெயரில் கம்பெனி கடை. உப்பிலிருந்து சவப்பெட்டி வரை என்பார்களே, அப்படிப்பட்ட கடை.

குடும்பத்தோடு ஆலையில் வேலை செய்தவர்களுக்கு இது அந்தக் காலத்துக்கு நல்ல வாழ்க்கைதான். மலைக்கிராமத்தின் மரக்குடிசையோடு ஒப்பிட்டால், தண்ணீர்க் குழாயும் பள்ளிக்கூடமும் மருத்துவரும் உள்ள ஊர். அதை மறுப்பது நியாயமாகாது. ஆனால் சுவரில் ஆணி அடிக்கும் வீடு கம்பெனியுடையது. அரிசிக்குப் பதில் மாவு வாங்கும் கடை கம்பெனியுடையது. ஊரிலிருந்து மலைமேல் போகும் ரயில் கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போகும். நாற்பது ஆண்டு உழைத்தாலும் பேரனுக்கு விட்டுப்போக ஒரு சென்ட் நிலம் சேராது. ஊருக்கென்று சொந்தமான வேறு தொழில் எதுவும் அங்கே வேர்விடவில்லை. வேர்விட இடமும் கொடுக்கப்படவில்லை.

கம்பெனி எல்லைக்குள் சாராயம் கிடையாது. அதனால் ஆற்றுக்கு அக்கரையில், கிழக்கு காஸில் இன்னோர் ஊர் உருவானது. பல மாதம் முகாமில் கிடந்து சம்பளத்தோடு இறங்கும் மரவெட்டிகளுக்காகக் காத்திருந்த மதுக்கடைகளும் சூதாட்ட மேசைகளும் விடுதிகளும் நிறைந்த தெருவுக்கு ‘டர்ட்டி ஸ்ட்ரீட்’, அழுக்குத் தெரு என்றே பெயர். 1914இல் மேற்கு வர்ஜீனியாவில் மதுவிலக்கு வந்தபோது அந்தத் தெருவின் வெளிப்படையான வியாபாரம் முடிந்தது. இக்கரையின் வெள்ளை வேலிகள் படமெடுக்க அழகாக இருந்ததற்கு அக்கரையும் ஒரு காரணம். ஒரே வேலையின் இரண்டு முகங்கள்தான் அவை.

மலைக்கு மேலே மூன்றாவதாக ஓர் ஊர் இருந்தது. பெயரே ஸ்புரூஸ். ஷேவர்ஸ் ஃபோர்க் கரையில், 3,853 அடி உயரத்தில், 1905இல் கம்பெனி கட்டியது. கூழ்மரத்தின் பட்டையை உரித்துத் துண்டாக்கி அனுப்பும் ஆலை அங்கே இயங்கியது. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே மிக உயரத்தில் இருக்கும் ஊர், மிகக் குளிர்ந்த ஊர் என்றெல்லாம் பேர் பெற்றது. வீடுகள், விடுதி, கடை, பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. சாலை மட்டும் இல்லை. உள்ளே வரவும் வெளியே போகவும் ரயில் ஒன்றுதான் வழி. பிரசவ வலி வந்தாலும், பனிப்புயலில் ஒருவர் இறந்தாலும் ரயில்தான். 1925 வாக்கில் பட்டை உரிக்கும் ஆலை மூடியது. 1927இல் மலைமேல் பாதையின் பெரும்பகுதியை வெஸ்டர்ன் மேரிலாண்ட் ரயில்வே நிலக்கரி கொண்டுபோவதற்காக வாங்கியது. கரி ரயில்களைத் தள்ளிவிடும் துணை என்ஜின்களின் நிலையமாக ஸ்புரூஸ் கொஞ்ச காலம் மூச்சுப் பிடித்துக்கொண்டிருந்தது. டீசல் என்ஜின்கள் வந்ததும் அந்த வேலையும் போயிற்று. இன்று அங்கே இருப்பது கான்கிரீட் அடித்தளங்களும், அவற்றின் வெடிப்புகளில் முளைத்த மரங்களும்தான்.

காட்டுக்கு என்ன ஆனது? வெட்டினார்கள் என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். ஸ்புரூஸ் காட்டின் தரை நம் ஊர்க் காட்டுத்தரைபோல மண்தரை அல்ல. நூற்றாண்டுகளாக விழுந்து மக்காமல் சேர்ந்த ஊசியிலையும் பாசியும் ஈரப்பஞ்சுபோலப் பாறைமேல் படிந்திருக்கும். மரம் வேரூன்றுவது அதில்தான். நிழல் போனதும் அந்தப் பஞ்சு வெயிலில் காய்ந்தது. வெட்டிய கிளைகளும் நுனிமரங்களும் குவிந்து கிடந்தன. அதற்கு நடுவே தீப்பொறி கக்கிக்கொண்டு என்ஜின்கள் போயின. மேற்கு வர்ஜீனியா மலைகளில் பற்றிய தீ, மரங்களோடு நிற்காமல் தரையையே எரித்தது. பல இடங்களில் அடிப்பாறை வெளியே தெரிந்தது. தண்ணீரைப் பிடித்துவைக்கப் பஞ்சு இல்லாததால் மழை நேரே ஆறுகளில் இறங்கியது. 1907இல் இந்த மலைகளிலிருந்து இறங்கிய ஆறுகளின் வெள்ளம் கீழ்நிலத்து நகரங்களை அடித்தபோதுதான், மேலே காடு இல்லாததன் விலை நாட்டுக்குப் புரிந்தது. 1911இல் வீக்ஸ் சட்டம் வந்தது. ஆறுகளின் தலைப்பகுதியில் நிலம் வாங்கிக் காடாக்கக் கூட்டரசுக்கு அது வழிசெய்தது. மனோங்கஹீலா தேசிய வனம் 1920இல் பிறந்தது அந்தச் சட்டத்தின் வழியாகத்தான்.

அந்த மலைகளில் கோடாரி படாத ஸ்புரூஸ் எப்படி இருந்தது என்று பார்க்க விரும்பினால், காஸுக்கு வடக்கே டர்பின் அருகில் காடினீர் என்ற இடத்துக்குப் போக வேண்டும். 140 ஏக்கர் பரப்பில் ஒரு பகுதி ஆதிக்காடு இன்னும் நிற்கிறது. யாரும் இரக்கப்பட்டு விட்டுவைத்ததல்ல. நிலம் அளந்தவர் காந்த ஊசி உண்மை வடக்கிலிருந்து விலகிக் காட்டுவதைக் கணக்கில் எடுக்க மறந்துவிட்டார். இரண்டு சொத்துகளின் எல்லைக்கோடுகள் பொருந்தாமல், நடுவே ஆப்புபோன்ற ஒரு துண்டு நிலம் யார் பெயரிலும் வராமல் போயிற்று. யாருக்கும் சொந்தமில்லாததால் யாரும் வெட்டவில்லை. சொந்தக்காரனின் கை எட்டாத அந்தத் துண்டுக் காட்டை, அந்தக் கை கட்டிய காஸோடு சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வட்டாரத்தின் வரலாறு முழுமையாகும்.

மரம் குறைந்ததும் கம்பெனிக்கு ஊர் பாரமானது. 1942இல் காஸையும் மீதமிருந்த நிலத்தையும் மோவர் லம்பர் கம்பெனிக்கு விற்றுவிட்டது. மோவர் நிறுவனம் இரண்டாம் முறை வளர்ந்த மரங்களை வெட்டி ஒருவாறு ஓட்டியது. லாரியும் சங்கிலி ரம்பமும் வந்துவிட்ட காலத்தில், பழைய ஷே என்ஜின்களை வைத்து மரம் இறக்குவது கட்டுப்படியாகவில்லை. 1960 ஜூலை 1ஆம் தேதி ஆலை மூடப்பட்டது. ரயிலும் அன்றோடு நின்றது. ஊரில் வேறு முதலாளி இல்லை. ஆகவே வேறு வேலையும் இல்லை. தண்டவாளத்தைப் பிடுங்கிப் பழைய இரும்பாக விற்க ஏற்பாடு நடந்தது.

அந்த நேரத்தில் பென்சில்வேனியாவின் சன்பரியிலிருந்து ரசல் பாம் என்ற ரயில் ஆர்வலர் வந்தார். இந்தப் பாதையையும் என்ஜின்களையும் அரசு வாங்கிச் சுற்றுலா ரயிலாக ஓட்டலாம் என்று மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களிடம் பேசிப் பேசி இணங்கவைத்தார். 1961இல் மாநிலம் வாங்கியது. மரத்தடி ஏற்றிய தட்டை வண்டிகளுக்குப் பெஞ்சும் கூரையும் அமைத்தார்கள். 1963 கோடையில் முதல் பயணிகள் ரயில் நான்கு மைல் ஏறி விட்டேக்கர் வரை போனது. அந்த முதல் பருவத்திலேயே 23,000 பேர் வந்தார்கள். 1968இல் பாதை மறுபடி பால்ட் நாப் வரை, 4,842 அடி உயரச் சிகரத்தை ஒட்டி, திறக்கப்பட்டது.

ஒருவரின் பிடிவாதம் இதற்குக் காரணம் என்று சொல்வது சரிதான், ஆனால் அது போதாது. நூறு பேர் கையில் நிலமும், பத்து வாரிசுகள் கையில் வீடும் பிரிந்து கிடந்திருந்தால், யாரும் அந்தப் பாதையை முழுசாக வாங்கியிருக்க முடியாது. தொழிலாளிக்கு ஒரு சென்ட் நிலமும் விட்டுக்கொடுக்காத அதே ஏற்பாடுதான், பாதையையும் பட்டறையையும் சிதறாமல் வைத்திருந்து ஒரே கையெழுத்தில் மாற்றிக்கொடுத்தது. 1977இல் ஊரின் வீடுகளையும் கட்டடங்களையும் மாநிலம் இதேபோல் வாங்கியது. கம்பெனி வீடுகளில் இன்று சுற்றுலாப் பயணிகள் வாடகைக்குத் தங்குகிறார்கள். வரிசை கலையாத வெள்ளை வீடுகளையும் பலகை நடைபாதையையும் பார்த்து, எவ்வளவு அழகாகக் காத்திருக்கிறார்கள் என்று வருகிறவர்கள் வியக்கிறார்கள். யாரும் தன் விருப்பத்துக்கு ஓர் அறை கூட்டிக் கட்டவோ வேறு வண்ணம் பூசவோ உரிமையில்லாமல் இருந்ததும் அந்த அழகுக்கு ஒரு காரணம் என்பதை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

எல்லாம் தப்பிவிடவில்லை. 1972இல் என்ஜின் பட்டறை எரிந்தது. 1975இல் ரயில் நிலையம் எரிந்து, பிறகு அதே வடிவில் திரும்பக் கட்டப்பட்டது. 1978இலும் 1982இலும் தீப்பிடித்து ஆலை அழிந்தது. ஆற்றோரம் இரும்பு எலும்புக்கூடாக மிச்சம் கிடக்கிறது. ஊரைப் பிறப்பித்த கிரீன்பிரையர் கிளைப்பாதையை 1978இன் இறுதியில் கைவிட்டார்கள். அதன் பெரும்பகுதி இப்போது சைக்கிளும் நடையுமாகப் போகும் 78 மைல் பாதை. ரயிலால் பிறந்த ஊர் வெளியுலகோடு ரயில் தொடர்பில்லாமல் பல ஆண்டுகள் தனித்து நின்றது. அண்மையில்தான் டர்பினோடு இணைக்கும் பகுதியைத் திரும்ப அமைத்திருக்கிறார்கள்.

ஆனால் என்ஜின்கள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தன. வேறு காடுகளில் ஓய்ந்துபோன ஷேக்களுக்குக் காஸ் புகலிடமாயிற்று. அவற்றுள் ஆறாம் எண் என்ஜின்தான் உலகில் கடைசியாகச் செய்யப்பட்ட ஷே. 1945இல் லைமாவிலிருந்து வெளிவந்தது, 162 டன் எடை. சில ஆண்டுகளே நிலக்கரிப் பாதையில் உழைத்துவிட்டு பால்டிமோர் அருங்காட்சியகத்தில் அசையாமல் நின்ற அது, 1980இல் காஸுக்குக் கிடைத்து மறுபடி நெருப்பைக் கண்டது. ஐந்தாம் எண்ணின் கதை இதற்கு நேர்மாறு. 1905இல் காஸுக்கென்றே வாங்கியது. வெட்டிய மரத்தை இறக்கியதும் அதுதான், இப்போது ஆட்களை ஏற்றுவதும் அதே பாதையில் அதுதான்.

மேலே ஏறும்போது என்ஜின் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று தள்ளுகிறது. கொக்கி அறுந்தால் பெட்டிகள் தனியே கீழே ஓடிவிடக்கூடாது என்பதற்காக மரம் ஏற்றிய காலத்திலிருந்து வரும் வழக்கம். வழியில் லெதர்பார்க் ஓடையருகே நின்று தண்ணீர் குடிக்கிறது. ஃபயர்மேன் கரியை அள்ளிப் போடுகிறார். ஏற ஏறக் காற்று குளிர்கிறது. வன்மரங்கள் விலகி, உச்சியை நெருங்கும்போது கரும்பச்சையாக ஸ்புரூஸ் தொடங்குகிறது. மோவர் நிறுவனத்திடம் இருந்த மலைநிலத்தில் ஏறத்தாழ 40,000 ஏக்கர் 1980களில் தேசிய வனத்தோடு சேர்ந்தது. அங்கே பழைய நிலக்கரிச் சுரங்க வேலைகளால் கெட்டித்துப்போன மண்ணை இயந்திரத்தால் கிழித்துத் தளர்த்தி, ரெட் ஸ்புரூஸ் கன்றுகளை நட்டுவருகிறார்கள். ஸ்புரூஸ் காட்டை நம்பி வாழும் மேற்கு வர்ஜீனியாவின் பறக்கும் அணில் 1985இல் அழியும் உயிரினப் பட்டியலில் ஏறியது. 2013இல் அதிலிருந்து நீக்கும் அளவுக்குத் தேறியது. இந்த மலைகளில் மட்டுமே வாழும் சீட் மலை சாலமண்டர் இன்னும் ஆபத்துப் பட்டியலில்தான் இருக்கிறது. அது பாசி படிந்த ஈரத்தரையில் வாழ்வது. எரிந்துபோன அந்தத் தரை மறுபடி சேர்வதற்கு மரத்தைவிட அதிக காலம் பிடிக்கிறது.

பால்ட் நாப்பில் பயணிகள் இறங்கி, நெஞ்சுயர வேலிக்கு அப்பால் கிரீன்பிரையர் பள்ளத்தாக்கைப் பார்க்கிறார்கள். நல்ல வெளிச்சத்தில், கீழே கிரீன் பாங்க் வானொலித் தொலைநோக்கியின் வெள்ளைக் கிண்ணம் பளிச்சென்று தெரியும். அங்குள்ள வானாய்வகத்துக்காக 1958இலேயே இந்த வட்டாரத்தில் வானொலி அலைகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. கைப்பேசி இங்கே சரியாக எடுக்காது. அதனால் கேட்பதற்கு அங்கே மூன்றுதான் இருக்கின்றன: காற்று, ஸ்புரூஸ் கிளைகள், பாய்லரில் நீராவி அடங்கும் சீறல். பிறகு விசில் ஊதுகிறது. டிரைவர் பிரேக்கைச் சோதித்துக்கொள்கிறார். இந்த மலையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம்.